சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் மேல்படிப்பு: பெயரைப் பார்த்துப் பணம் கட்டலாமா?

“சார், சிஸ்டம் தானா ஆஃப் ஆகி ஆன் ஆவுது. கொஞ்சம் வந்து பாருங்க.”

ஏலகிரி மலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு வாரத்துக்கு நாலு போனாவது இப்படி வரும். நம் ஊரில் சிஸ்டம் என்றால் மேஜைக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டிதான். இந்த போன் வந்தது அத்தனாவூரில் உள்ள ஒரு தங்கும் விடுதியிலிருந்து. ரிசப்ஷனில் உள்ள கம்ப்யூட்டர் தினமும் சாயங்காலம் ரீஸ்டார்ட் ஆகிறது. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ராம் மாற்றிப் பார்த்தேன். எஸ்.எம்.பி.எஸ். மாற்றிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்து விண்டோஸையும் புதிதாகப் போட்டேன். ஊஹூம்!

நாலாவது தடவை சாயங்காலமே போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து போர் மோட்டாரைப் போட்டார். லைட் ஒரு கணம் மங்கியது. பேட்டரி செத்துப் போன யூ.பி.எஸ். ‘கீ’ என்று கத்தியது. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. மோட்டாரும் ரிசப்ஷனும் ஒரே ஃபேஸில் இருந்தன. யூ.பி.எஸ்.ஸுக்குப் பேட்டரி மாற்றி, எலெக்ட்ரீஷியனை வைத்து மோட்டாரை வேறு ஃபேஸுக்கு மாற்றினோம். அதோடு பிரச்னை தீர்ந்தது.

கம்ப்யூட்டரில் குறை இல்லை. மோட்டாரிலும் இல்லை. வாட்ச்மேன் தன் வேலையை நேரத்துக்குச் செய்தார். ஆனால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபோது தப்பு வந்தது. பெட்டி, யூ.பி.எஸ்., கரண்ட் லைன், மோட்டார், வாட்ச்மேனின் ஆறு மணி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே சிஸ்டம். பெட்டியை மட்டும் சிஸ்டம் என்று நினைத்ததால் எனக்கு நாலு நடை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் 3 வருடமாக வேலை பார்க்கிறான். பி.இ. மெக்கானிக்கல். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் மலையேறி வந்தான். கையில் வழவழப்பான ஒரு பிரவுச்சர். அமெரிக்காவில் எம்.எஸ். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். மொத்தச் செலவு 35 லட்சம் ரூபாய். அதற்கு அவன் அப்பா மலையில் வாங்கிப் போட்டிருக்கும் பலாத் தோப்பை பேங்கில் அடமானம் வைக்க வேண்டும்.

“மாமா, நீங்களும் சிஸ்டம் லைன்தானே? இந்தப் படிப்பு எப்படி?” என்று கேட்டான்.

நானும் ஒரு காலத்தில் இந்தப் பெயரைப் பார்த்து ஏமாந்தவன்தான். 1999-ல் ஒரு பயிற்சி நிலையத்தில் ‘டிப்ளமோ இன் சிஸ்டம் இன்ஜினியரிங்’ என்று போர்டைப் பார்த்துச் சேர்ந்தேன். ஆறு மாதம். ஸ்குரூ டிரைவர் பிடிக்கவும் விண்டோஸ் 98 இன்ஸ்டால் செய்யவும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது அந்த ஸ்குரூ டிரைவர்தான், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் அது சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் இல்லை!

குழப்பம் அதோடு நிற்கவில்லை. இன்ஃபோசிஸில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ‘சிஸ்டம்ஸ் இன்ஜினியர்’ என்று பதவி. டி.சி.எஸ்.ஸில் ‘அசிஸ்டன்ட் சிஸ்டம் இன்ஜினியர்’. இவர்கள் எழுதுவது ஜாவா புரோகிராமாக இருக்கும். விப்ரோ 1995-ல் பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியது. பி.எஸ்சி. முடித்தவர்கள் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ். பட்டம் வாங்கலாம். நல்ல திட்டம், பலர் அதில் முன்னுக்கு வந்தார்கள். அந்தப் பட்டத்தின் பெயர் ‘சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ்’. அதுவும் வேறு. ஆக, ஒரே வார்த்தையில் நாலைந்து படிப்பும் வேலையும் ஒளிந்திருக்கின்றன. பிரவுச்சர்காரர்களுக்கு இது வசதி. நமக்குத்தான் கஷ்டம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்ல படிப்பு. நம் நாட்டுக்குத் தேவையான படிப்பும்கூட. ஆனால் நாலு வருடமாவது வேலை பார்த்து, ‘இது ஏன் இப்படிக் கெட்டுப் போகிறது?’ என்ற ஒரு கேள்வியோடு போகிறவருக்குத்தான் இது பயன்படும். கேள்வி இல்லாமல் போகிறவருக்குத் தோப்பும் போகும், வருடமும் போகும்.

சரி, அப்படி என்னதான் படிக்கிறார்கள்? ஒரு பெரிய பொருளை (ராக்கெட், ரயில், ஆஸ்பத்திரி, சுத்திகரிப்பு நிலையம் எதுவாகவும் இருக்கலாம்) உண்மையில் யாருக்கு என்ன தேவை என்று முதலில் எழுதுவது. அதைப் பாகம் பாகமாகப் பிரிப்பது. ஒரு பாகமும் இன்னொரு பாகமும் தொட்டுக்கொள்ளும் இடத்தை, அதாவது இன்டர்ஃபேஸை, கவனமாக வரையறுப்பது. பிறகு சேர்த்துச் சோதிப்பது. கூடவே நிகழ்தகவு, ரிலையபிலிட்டி, ஆப்டிமைசேஷன், சிமுலேஷன், செலவுக் கணக்கு. ‘சொன்னபடி செய்தோமா?’ என்பது ஒரு சோதனை. ‘சொன்னதே சரிதானா?’ என்பது இன்னொரு சோதனை. இரண்டாவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு உதாரணம். 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. 40 நொடிக்குள் வெடித்துச் சிதறியது. காரணம் ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்கப் பார்த்த புரோகிராம். அந்த புரோகிராம் ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடியதுதான். அப்படியே எடுத்துப் புது ராக்கெட்டில் போட்டார்கள். புது ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் எண் பெரிதாகிவிட்டது. பேக்கப் கம்ப்யூட்டர் இருந்ததே என்பீர்கள். அதிலும் இதே புரோகிராம்தான்! இரண்டும் அடுத்தடுத்து நின்றன. புரோகிராமைத் தனியாகப் பார்த்தால் பழுதில்லை. அது உட்கார்ந்த இடம்தான் மாறியிருந்தது.

ஆனால் இந்தப் பாடத்தைப் படிக்க ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ஏலகிரியிலிருந்து இறங்கினால் போதும். கபிலர், ஔவையார், பாரி, ஓரி என்று புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பொன்னேரிக்கு வந்து, வாணியம்பாடி, ஆம்பூர் என்று பாலாற்றோரமாகப் போனால், 30 வருடத்துச் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் பாடம் அங்கே மணலில் கிடக்கிறது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டேனரிக்கு வரும் பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டிருப்பார்கள். கொஞ்ச நஞ்சம் இல்லை, தோலின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் வரை. டேனரியில் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. உப்பு முழுவதும் தண்ணீருக்கு வந்துவிடும். பிறகு சுண்ணாம்பு, பிறகு குரோமியம். ஒரு கிலோ தோல் தயாரிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதற்காகச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள். ஐந்து மாவட்டத்து டேனரிகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் மூடு என்று உத்தரவு.

டேனரிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டி ஓட்டின. குழாய் போட்டுக் கழிவு நீரை அங்கே கொண்டுபோனார்கள். பாக்டீரியாவை வைத்துச் சுத்தம் செய்யும் நிலையம். பாக்டீரியா தன் வேலையைச் சரியாகவே செய்தது. தோலின் சதை, கொழுப்பு, ரோமம் ஆகியவற்றிலிருந்து வந்த அழுக்கைத் தின்றது. ஆனால் உப்பை எந்த பாக்டீரியா தின்னும்? கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. உள்ளே வந்த உப்பு அப்படியே வெளியே போனது.

அடுத்து ஆர்.ஓ. போட்டார்கள். நம் வீட்டு வாட்டர் பியூரிஃபையரில் இருப்பதே தான், பெரிய அளவில். நல்ல தண்ணீர் ஒரு பக்கம் வந்தது, டேனரிக்கே திரும்பப் போனது. மறுபக்கம் கெட்டியான உப்பு நீர். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்க எவாபரேட்டர். ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது ஏற்பாடு. எவாபரேட்டருக்கு எரிபொருளும் கரண்டும் கொட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். கடைசியில் என்ன மிச்சம்? உப்பு! பல ரசாயனம் கலந்த, சமையலுக்கும் உதவாத, வேறு தொழிலுக்கும் உதவாத உப்பு. ஷெட்டுக்குள் மூட்டை மூட்டையாக.

கவனித்தீர்களா? ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஜினியர்கள் தங்களுக்குக் கொடுத்த கணக்கைச் சரியாகவே போட்டார்கள். பிரச்னை தீரவில்லை, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு இடம் மாறியது. முதல் நாளே யாராவது ஒருவர் படம் வரைந்து, ‘உப்பு உள்ளே வருகிறதே, எந்த வழியாக வெளியே போகும்?’ என்று கேட்டிருந்தால், ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைப் பிரிக்கும் வேலைக்கு ஆரம்பத்திலிருந்தே முக்கியத்துவம் வந்திருக்கும். அது ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை.

இன்டர்ஃபேஸைக் கவனிக்காவிட்டால் உயிரே போகும் என்பதையும் நம் பகுதி பார்த்துவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். சேறு ஒரு நிர்வாகத்தின் கணக்கு. தூங்கும் இடம் இன்னொரு நிர்வாகத்தின் கணக்கு. நடுவில் இருந்த சுவர் யார் கணக்கு?

வழக்கும் இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்லி, இழப்பீட்டையும் ஆற்றைச் சீர்செய்வதையும் கண்காணிக்க ஒரு குழு அமைக்கச் சொன்னது. முதல் தீர்ப்பு வந்தபோது அக்கா மகன் பிறக்கவே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, “சரிடா, நீ இன்னா கேள்வியை எடுத்துக்கினு அமெரிக்கா போறே?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “கேள்வி எல்லாம் இல்ல மாமா. இந்த கோர்ஸுக்கு ஸ்கோப் இருக்குன்னாங்க” என்றான்.

ஸ்கோப்! வேலூரில் இருக்கும் ஏஜென்சிக்காரர் சொன்னது. அந்த ஸ்கோப்பையும் பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் சிஸ்டம்ஸ் இன்ஜினியருக்கு வேலை இருக்கிறது, உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு ராணுவம், விண்வெளி சார்ந்த கம்பெனிகளில். அங்கே பல வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். சட்டம் அப்படி. மாணவர் விசாவில் போன நம் பையனுக்கு அந்தக் கதவு திறக்காது. மிச்சம் இருப்பது கார், மருத்துவக் கருவி, சாஃப்ட்வேர் போன்றவை. அவற்றில் அங்கே படித்து முடித்ததும் ஒரு வருடம் வேலை பார்க்கலாம், தொழில்நுட்பப் பட்டம் என்பதால் மேலும் 2 வருடம் நீட்டிக்கலாம். அதற்குப் பிறகு குலுக்கல். இதில் ஒரு வரிகூட பிரவுச்சரில் இல்லை.

கடனைக் கணக்குப் போட வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். எக்ஸெலைத் திறந்து பி.எம்.டி. ஃபங்ஷனில் வட்டி, மாதம், கடன் மூன்றையும் கொடுங்கள். 35 லட்சம், 10.5 சதவீதம், 10 வருடம் என்று போட்டோம். மாதம் சுமார் 47,000 ரூபாய் வந்தது. படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. அக்கா மகன் வாங்கும் சம்பளத்தைவிட அது அதிகம். அவன் அதுவரை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

உள்நாட்டில் வழி இல்லையா? இருக்கிறது. ஆனால் இங்கேயும் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஐ.ஐ.டி. பாம்பேயில் ‘சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல்’ என்று எம்.டெக். உண்டு. அது பெரும்பாலும் கணக்கு. கன்ட்ரோல் தியரி. மேட்ரிக்ஸ் என்றாலே ஓடுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஐ.ஐ.டி. கரக்பூரில் ‘இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ்’ துறை. தொழிற்சாலை, சரக்கு, தரம், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று போகும். ஷூ கம்பெனியில் இருப்பவனுக்கு இது பொருத்தம். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் தேவைகளை எழுதுவது, பெரிய திட்டத்தை வடிவமைப்பது, நிர்வகிப்பது என்று இருக்கும். மூன்றுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், உள்ளே இருப்பது மூன்று வேறு சரக்கு. எனவே இணையத்தில் பாடத்திட்டத்தை இறக்கிப் படிக்காமல் விண்ணப்பம் போடாதீர்கள்.

ஐ.ஐ.டி.க்கு கேட் தேர்வு எழுத வேண்டும். வயது வரம்பு கிடையாது. மதிப்பெண் 3 வருடம் செல்லும். கேட் மூலம் எம்.டெக். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. வேலையை விட முடியாதவருக்கு பிட்ஸ் பிலானி போன்ற இடங்களில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் எம்.டெக். படிப்புகள் இருக்கின்றன. ஆனால் ‘தபாலில் எம்.டெக்.’ என்று யாராவது சொன்னால் உஷார்! அங்கீகாரம் இல்லாமல் தொலைதூரக் கல்வியில் இன்ஜினியரிங் நடத்திய நாலு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் விஷயத்தில் 2017 நவம்பர் 3-ல் சுப்ரீம் கோர்ட் கடுமையான தீர்ப்புச் சொன்னது. அவற்றில் ஒன்று நம் தமிழ்நாட்டில். பட்டம் வாங்கிப் பல வருடம் வேலை பார்த்தவர்கள் எல்லாம் திரும்பப் பரீட்சை எழுத வேண்டி வந்தது. ஆகவே ஏ.ஐ.சி.டி.இ., யு.ஜி.சி. அங்கீகாரத்தை அவர்களது வெப்சைட்டிலேயே பாருங்கள். ஏஜென்சி காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

பணம் கட்டும் முன் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கிறதா என்று இலவசமாகவே சோதித்துப் பார்க்கலாம். நாசா நிறுவனம் தன் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் கையேட்டை பி.டி.எஃப். ஆகவே வெப்சைட்டில் வைத்திருக்கிறது. எம்.ஐ.டி.யின் ஓப்பன் கோர்ஸ்வேரில் 2015-ல் நடத்திய அடிப்படைப் பாடம் வீடியோவோடு இருக்கிறது. என்.பி.டி.இ.எல்.லில் ஐ.ஐ.டி. கான்பூர் பாடம் உண்டு. கணக்குப் போட, சிமுலேஷன் செய்ய சைலேப் என்ற இலவச சாஃப்ட்வேர். காசு கொடுத்து மேட்லேப் வாங்க வேண்டாம், திருட்டு சி.டி.யும் வேண்டாம். சிஸ்டத்தைப் படமாக வரைய கேபெல்லா என்று ஒன்று, அதுவும் இலவசம். கொஞ்சம் கனமான சாஃப்ட்வேர்தான், 4 ஜி.பி. ராம் வைத்துக்கொண்டு முயற்சி செய்தால் என்னைத் திட்டுவீர்கள். நாசா கையேட்டில் 50 பக்கம் தாண்டுவதற்குள் தூக்கம் வந்தால், 35 லட்சம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அப்போ கேள்வியே இல்லாதவன் மேல்படிப்பே படிக்கக் கூடாதா?” என்று வாசகர்கள் கேட்கலாம். ஜாவா, டேட்டா சயின்ஸ் போன்ற படிப்பு என்றால் நான் இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். அங்கே கைத்தொழில் ஒன்று கிடைக்கும், அதை வைத்துப் பிழைக்கலாம். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் அப்படி இல்லை. ஏற்கெனவே ஒரு தொழில் தெரிந்தவர் அதற்கு மேலே கட்டும் மாடி அது. எம்.ஐ.டி.யில் இந்த மாதிரிப் படிப்பு ஒன்றை 1990-களில் தொடங்கியபோதே, வேலை அனுபவம் உள்ள இன்ஜினியர்களை மனதில் வைத்துத்தான் அமைத்தார்கள். 22 வயதில், ஒரு மெஷின்கூடக் கெட்டுப் போய்ப் பார்க்காதவருக்கு இது வெறும் கட்டமும் அம்பும்தான். நம் பையனுக்கு 3 வருட அனுபவம் இருக்கிறது. அதை அவன் அனுபவமாக நினைக்காமல், தப்பித்துப் போக வேண்டிய இடமாக நினைத்ததுதான் எனக்கு வருத்தம்.

போன ஞாயிறு திரும்ப வந்தான். லேப்டாப்பில் கேபெல்லாவைப் போட்டு, அவன் கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு தடவை நின்று போகும் ஒரு ஒட்டும் லைனைப் படமாக வரைந்திருந்தான். பசை கொதி நிலை, கன்வேயர் வேகம், கம்ப்ரஸர், ஷிப்ட் மாறும் நேரம் என்று கட்டங்கள். பாதி அம்புகள் எங்கே போகின்றன என்று அவனுக்கே தெரியவில்லை. “ஷிப்ட் மாறும்போதுதான் நிக்குது மாமா. இத்தனை நாளா கன்வேயரையே கழட்டிக்கினு இருந்தேன்” என்றான். வரும் கேட் தேர்வை எழுதிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். கரக்பூர் பாடத்திட்டத்தை என் கடை பிரின்டரில்தான் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனான், 22 பக்கம், காசு கொடுக்கவில்லை.

ஏஜென்சிக்காரர் இன்னும் அக்காவுக்கு போன் செய்துகொண்டுதான் இருக்கிறார்.